லினக்ஸ் வரவில்லை என்பதற்காக விண்டோஸைக் கெடுக்கலாமா?

கம்ப்யூட்டர் வாங்கிச் சில மாதங்கள் ஆனதும் பலருக்கும் ஓர் ஆசை வரும். லினக்ஸ், லினக்ஸ் என்கிறார்களே, அதையும் ஒருமுறை இயக்கிப் பார்த்தால் என்ன? நல்ல ஆசைதான். இதற்காக விண்டோஸை அழிக்க வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கவும் வேண்டாம். விண்டோஸ் இயங்கிக் கொண்டிருக்கும்போதே, அதற்குள் இன்னொரு கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் லினக்ஸை இயக்கலாம். இந்த உள் கம்ப்யூட்டருக்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். இதற்கெனத் தனியாக எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். உங்களிடம் இருக்கும் மெமரியிலும் டிஸ்க்கிலும் ஒரு பங்கை அது எடுத்துக் கொள்ளும். லினக்ஸோ, தனக்கென்று ஒரு முழுக் கம்ப்யூட்டர் இருப்பதாகவே நினைத்துக் கொண்டு வேலை பார்க்கும்.

முன்பெல்லாம் இப்படி ஒரு மெஷினை உருவாக்க வரிசையாகப் பல திரைகளைக் கடந்து, ஒவ்வொன்றிலும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது எல்லாம் தானாக நடக்கிறது. "லினக்ஸ் பைலைக் காட்டுங்கள், ஒரு பெயர் கொடுங்கள், டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்கிற பாணியில் விர்ச்சுவல் பாக்ஸ் புரோகிராம் வேலையை ஏற்றுக் கொள்கிறது. வேக்ரன்ட் என்ற இன்னொரு புரோகிராமில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும். சரியாக நடக்கும்போது இது மந்திரம் போலத்தான் இருக்கும். நடக்காதபோது என்ன ஆகிறது என்பதுதான் என் கவலை.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். லினக்ஸ் வராதபோது, புதியவர்கள் பெரும்பாலும் தவறான கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிறார்கள். இங்கே இருப்பவை இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்று, நீங்கள் பணம் கொடுத்து வாங்கியது. அதில் குடும்பப் புகைப்படங்கள், வங்கி வேலைகள், பிள்ளைகளின் பாடங்கள் எல்லாம் இருக்கின்றன. இன்னொன்று, பத்து நிமிடத்திற்கு முன் பிறந்த, உள்ளே ஒன்றுமே இல்லாத விர்ச்சுவல் மெஷின். இந்த இரண்டாவதைப் பிழைக்க வைப்பதற்காக, முதலாவதின் பாதுகாப்பு வசதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கிறார்கள். வந்த விருந்தாளிக்கு இடம் போதவில்லை என்று வீட்டுச் சுவரை இடிப்பது போன்ற வேலை இது. இடிக்கச் சொல்லும் ஆலோசனைகளும் தாராளமாகக் கிடைக்கின்றன.

ஒரே கட்டளைக்குள் எத்தனை வேலை!

முதலில் இந்தப் புரோகிராம்களைப் பற்றிச் சில வரிகள். விர்ச்சுவல் பாக்ஸை ஜெர்மனியைச் சேர்ந்த இன்னோடெக் நிறுவனம் 2007ல் வெளியிட்டது. 2008ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2010ல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கியதால், இன்று அது ஆரக்கிள் பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. வேக்ரன்ட், மிட்செல் ஹஷிமோட்டோ உருவாக்கி 2010ல் வந்தது. வேக்ரன்ட் தானே ஒரு மெஷினை இயக்காது. விர்ச்சுவல் பாக்ஸுக்கு உத்தரவு போடும் மேஸ்திரி என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"வேக்ரன்ட் அப்" என்று கட்டளை கொடுத்து எண்டர் தட்டுகிறீர்கள். உடனே அது உங்கள் போல்டரில் உள்ள வேக்ரன்ட்பைல் என்ற சிறிய டெக்ஸ்ட் பைலைப் படிக்கிறது. எந்த லினக்ஸ் வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதோ, அதன் தயார் நிலைப் பிரதியை இன்டர்நெட்டிலிருந்து இறக்குகிறது. இந்தப் பிரதிக்கு பாக்ஸ் என்று பெயர். அதை விர்ச்சுவல் பாக்ஸிடம் கொடுத்து ஒரு மெஷினை உருவாக்கச் சொல்கிறது. அதற்கு ஒரு நெட்வொர்க் கார்டை மாட்டுகிறது (கார்டும் கற்பனைதான், மாட்டுவதும் கற்பனைதான்). விண்டோஸின் 2222 என்ற போர்ட்டை லினக்ஸின் 22 என்ற போர்ட்டுடன் இணைக்கிறது. மெஷினை ஆன் செய்கிறது. பிறகு எஸ்.எஸ்.எச். என்ற வழியாக உள்ளே நுழையக் கதவைத் தட்டிக் கொண்டே இருக்கிறது. கதவு திறந்ததும் சாவியை மாற்றுகிறது. உங்கள் போல்டரை லினக்ஸிற்குள் தெரியும்படி செய்கிறது. கடைசியாக, நீங்கள் எழுதி வைத்திருக்கும் புரோகிராம்களை இன்ஸ்டால் செய்கிறது.

இத்தனை வேலையும் ஒரே கட்டளைக்குள் ஒளிந்திருக்கிறது. இதில்தான் சிக்கல். கையால் செய்யும்போது எந்தத் திரையில் நின்றது என்று நமக்கே தெரியும். தானாக நடக்கும்போது, மேஸ்திரி கடைசியாக எங்கே நின்றாரோ அதை மட்டும் சொல்கிறார். கோளாறு அதற்கு நான்கு படிகள் முன்னால் இருக்கலாம்.

புதியவர்கள் அடிக்கடி பார்க்கும் எர்ரர் மெசேஜ், "மெஷின் பூட் ஆவதற்காகக் காத்திருந்து நேரம் முடிந்து விட்டது" என்ற பொருளில் வரும் செய்திதான். வேக்ரன்ட் வழக்கமாக 300 விநாடிகள், அதாவது ஐந்து நிமிடங்கள் கதவைத் தட்டும். அதற்குள் பதில் வரவில்லை என்றால் இந்தச் செய்தியைக் காட்டிவிட்டு நின்று விடும். கதவு ஏன் திறக்கவில்லை என்பது அதற்குத் தெரியாது. படிப்பவர் என்ன நினைக்கிறார்? நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து விண்டோஸின் பயர்வாலை ஆஃப் செய்கிறார். பிறகு ஆன்டி வைரஸை நிறுத்துகிறார். மேலே சொன்ன 2222 போர்ட் வழக்கமாக உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே, 127.0.0.1 என்ற உள் முகவரியில் திறப்பது. வெளியிலிருந்து வருபவர்களைத் தடுக்கும் பயர்வாலை மூடி வைத்து இதற்கு என்ன பயன்?

இந்த இடத்தில் செய்ய வேண்டியது மிகவும் எளிது. விர்ச்சுவல் பாக்ஸ் புரோகிராமைத் திறந்திடுங்கள். இடது பக்கப் பட்டியலில் உங்கள் மெஷின் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்து "ஷோ" என்பதில் கிளிக் செய்திடுங்கள். அதுவரை மறைவாக இயங்கிக் கொண்டிருந்த லினக்ஸின் திரை உங்கள் கண் முன் வரும். அதில் லாகின் கேட்டுக் கொண்டு அமைதியாக இருக்கிறதா? அப்படியானால் லினக்ஸ் நன்றாகவே இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள வழியில்தான் பிரச்னை. வரிகள் ஆமை வேகத்தில் ஊர்ந்து கொண்டிருக்கின்றனவா? கோளாறு எதுவும் இல்லை, நேரம்தான் போதவில்லை. வேக்ரன்ட்பைலில் காத்திருக்கும் நேரத்தை 600 விநாடிகளாக மாற்றினால் பல சமயம் வேலை முடிந்து விடும். மெஷின் ஆன் ஆகவே இல்லையா? அப்போது மட்டும்தான் விண்டோஸ் பக்கம் திரும்ப வேண்டும்.

தானாக வந்த உபுண்டுவில் டெர்மினல் எங்கே?

வேக்ரன்ட் எல்லாம் பெரிய வார்த்தை, நான் மவுஸால் கிளிக் செய்துதான் உருவாக்குவேன் என்பவர்களும் தப்ப முடியாது. 2022 அக்டோபரில் வந்த விர்ச்சுவல் பாக்ஸ் 7.0 முதல், லினக்ஸின் ஐ.எஸ்.ஓ. பைலைக் காட்டியவுடன், ஆளில்லாமல் தானே இன்ஸ்டால் செய்யும் முறையை அது முன்னால் கொண்டு வந்து நிறுத்துகிறது. "அன்அட்டெண்டட் இன்ஸ்டலேஷன்" என்று அதற்குப் பெயர். அதைத் தவிர்க்கவோ ஏற்கவோ அங்கே ஒரு டிக் பெட்டி உண்டு. அதன் வாசகம் எல்லாப் பதிப்புகளிலும் ஒன்றாக இல்லை. உங்கள் பதிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு டிக் செய்திடுங்கள். பெரும்பாலோர் அந்தப் பெட்டியைக் கவனிப்பதே இல்லை.

கவனிக்காமல் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போனால் என்ன கிடைக்கும்? யூசர் பெயர் "விபாக்ஸ்யூசர்", பாஸ்வேர்டு "சேஞ்ச்மீ" என்று வைத்து உபுண்டு வந்து விடும். (என்னை மாற்று என்று பாஸ்வேர்டே கெஞ்சுகிறது. மாற்றுபவர்கள்தான் குறைவு.) உள்ளே போய் ஏதாவது இன்ஸ்டால் செய்யலாம் என்றால், உங்களுக்கு அனுமதி இல்லை என்று மறுக்கும். காரணம், அந்த யூசர் நிர்வாக உரிமை உள்ள குழுவில் சேர்க்கப்பட்டிருக்க மாட்டார். உபுண்டு 22.04ல் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டெர்மினல் ஐகானைக் கிளிக் செய்தால், சிறிது நேரம் சுற்றிவிட்டு ஒன்றும் திறக்காது. மொழி அமைப்பு சரியாக அமையாததே காரணம். செட்டிங்ஸில் மொழியை மாற்றி, மறுபடி லாகின் செய்தால் திறக்கும்.

முதல் முறையாக லினக்ஸைப் பார்க்கும் ஒருவர் இங்கே என்ன முடிவுக்கு வருவார்? "லினக்ஸ் என்றாலே இப்படித்தான் போலிருக்கிறது, நமக்கு விண்டோஸே போதும்." இந்த முடிவு எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் இது லினக்ஸின் குற்றமே இல்லை. உபுண்டுவைத் தன் வழக்கமான முறையில் இன்ஸ்டால் செய்தால், முதல் யூசருக்கு நிர்வாக உரிமையைத் தானே கொடுத்து விடும், டெர்மினலும் திறக்கும். நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று இடையில் புகுந்த தானியங்கி முறைதான் இரண்டையும் கெடுத்தது.

அனுமதி இல்லாத யூசரைச் சரி செய்ய வழி இருக்கிறது. ரூட் என்ற தலைமைக் கணக்கில் நுழைந்து (அதற்கும் அதே பாஸ்வேர்டுதான்), அந்த யூசரை சூடோ என்ற குழுவில் சேர்த்து, மெஷினை ரீஸ்டார்ட் செய்தால் போதும். ஆனால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. அந்த மெஷினை அழித்து விடுங்கள். பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, ரிமூவ் என்பதைத் தேர்ந்தெடுத்து, எல்லாப் பைல்களையும் நீக்கச் சொல்லுங்கள். மறுபடி உருவாக்கும்போது அந்த டிக் பெட்டியைப் பார்த்து, தானியங்கி முறையைத் தவிர்த்து, இன்ஸ்டலேஷன் திரைகளை நீங்களே ஒவ்வொன்றாகக் கடந்து செல்லுங்கள். அரை மணி நேரம் ஆகலாம். டிஸ்க் எங்கே வருகிறது, யூசர் எங்கே உருவாகிறார், கீபோர்டு எங்கே கேட்கப்படுகிறது என்பது அந்த அரை மணியில் தெரிந்து விடும். அடுத்த முறை தானியங்கி முறை எங்காவது நின்றால், எங்கே நின்றது என்று உங்களால் சொல்ல முடியும். கையால் ஒருமுறை செய்யாமல் தானியங்கிக்குப் போகாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பயாஸுக்குள் போகும் முன்

மெஷின் ஆன் ஆகவே மறுக்கிறது என்றால், முதல் சந்தேகம் பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதி மீது. இன்டெல் 2005லும், ஏ.எம்.டி. 2006லும் இந்த வசதியைத் தங்கள் சிப்களில் கொண்டு வந்தன. எனவே இன்று வீட்டிலிருக்கும் கம்ப்யூட்டர் எதுவானாலும் அநேகமாக இருக்கும். ஆனால் சில கம்ப்யூட்டர்களில் பயாஸில் அது ஆஃப் செய்யப்பட்டே வரும்.

உடனே பயாஸுக்கு ஓட வேண்டாம். கண்ட்ரோல் + ஷிப்ட் + எஸ்கேப் கீகளை ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்பார்மன்ஸ் பகுதியில் சி.பி.யூ. என்பதைத் தேர்ந்தெடுங்கள். கீழே "விர்ச்சுவலைசேஷன்" என்ற சொல்லுக்கு எதிரே "எனேபிள்டு" என்று இருந்தால், பயாஸில் உங்களுக்கு எந்த வேலையும் இல்லை. எத்தனை பேர் எத்தனை வீடியோவில் போகச் சொன்னாலும் போகாதீர்கள். "டிஸேபிள்டு" என்று இருந்தால் மட்டுமே போக வேண்டும்.

போவதற்கு முன் ஒன்றைச் சரி பார்க்க வேண்டும். விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் மூலம் நுழைந்தவுடனேயே டிஸ்க் முழுவதும் தானாக என்கிரிப்ட் செய்யப்பட்டு விடுகிறது. 2024ல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகமான கம்ப்யூட்டர்களுக்கு விரிந்தது. உங்களுக்குத் தெரியாமலே உங்கள் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். பயாஸில் சில அமைப்புகளை மாற்றினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது "யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று கம்ப்யூட்டர் சந்தேகப்பட்டு, 48 இலக்கங்கள் கொண்ட ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லையென்றால் டிஸ்க்கில் உள்ளவை உங்களுக்கே கிடைக்காது.

எனக்குத் தெரிந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு இது நடந்தது. ஏதோ ஒரு வீடியோவில் சொன்னபடி, விர்ச்சுவலைசேஷனை ஆன் செய்ததோடு, செக்யூர் பூட் என்பதையும் ஆஃப் செய்திருக்கிறார். மறுமுறை ஆன் செய்தபோது நீலத் திரை வந்து 48 இலக்க எண்ணைக் கேட்டது. கீ எங்கே இருக்கும்? மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில். அக்கவுண்ட் யாருடையது? லேப்டாப் விற்ற கடையில் யாரோ உருவாக்கிக் கொடுத்தது. பாஸ்வேர்டு? கடையில் கேட்டால் அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். இறுதியாண்டு புராஜெக்ட் முழுவதும் அந்த டிஸ்க்கில் இருந்தது. நல்ல வேளையாக, பயாஸில் செக்யூர் பூட்டைப் பழையபடி ஆன் செய்ததும் விண்டோஸ் வந்து விட்டது. இன்னும் இரண்டு மூன்று அமைப்புகளை மாற்றிவிட்டு, எதை மாற்றினோம் என்று மறந்திருந்தால்? அவர் லினக்ஸை இன்னும் பார்க்கவே இல்லை என்பதையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

எனவே முதலில் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி பகுதிக்குச் சென்று, டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் என்றால், உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்து ரெக்கவரி கீயைப் பார்த்து, ஒரு தாளில் எழுதி வையுங்கள். அக்கவுண்ட்டே உங்களுடையது இல்லை என்றால், லினக்ஸை மறந்துவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள். பிறகு பயாஸில் இன்டெல் என்றால் "விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி", ஏ.எம்.டி. என்றால் "எஸ்.வி.எம். மோட்" என்ற ஒன்றை மட்டும் ஆன் செய்து, சேமித்து வெளியே வாருங்கள். பக்கத்தில் இருக்கும் எதையும் தொட வேண்டாம்.

ஆமை வந்தால் பயமா?

விர்ச்சுவல் பாக்ஸில் லினக்ஸ் இயங்கும் விண்டோவின் கீழ்ப் பட்டையில், சில கம்ப்யூட்டர்களில் பச்சை நிற ஆமைப் படம் ஒன்று தெரியும். லினக்ஸும் ஆமை போலவே நகரும். இதன் பொருள், விண்டோஸின் சொந்த ஹைப்பர்-வி ஏற்கெனவே பிராசசரின் விர்ச்சுவலைசேஷன் வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது. விர்ச்சுவல் பாக்ஸ் அதன் தோளில் ஏறி இயங்குகிறது என்பதுதான். முன்பு இப்படி இயங்கவே முடியாது. முகத்தில் அடித்தாற்போல் மறுத்து விடும். 2018 டிசம்பரில் வந்த 6.0 பதிப்பில்தான் இந்த மாற்று வழி வந்தது.

"நான் ஹைப்பர்-வியை இன்ஸ்டால் செய்யவே இல்லையே, என்னுடையது ஹோம் பதிப்பாயிற்றே" என்பார்கள். செய்திருக்க வேண்டியதில்லை. விண்டோஸ் 11ல் கோர் ஐசொலேஷன் என்ற பகுதியில், மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு இருக்கிறது. புதிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் ஆன் செய்யப்பட்டே வரும். தீய டிரைவர் புரோகிராம்கள் விண்டோஸின் அடிமடியில் நுழையாமல் அது காக்கிறது. அந்தக் காவலுக்கும் இதே ஹைப்பர்வைசர்தான் அடிப்படை.

இப்போது நீங்கள் எங்கே ஆலோசனை தேடினாலும் கிடைப்பது ஒரே பதில்: மெமரி இன்டெக்ரிட்டியை ஆஃப் செய், ஹைப்பர்வைசர் தொடங்குவதையே ஒரு கட்டளையால் நிறுத்து. செய்தால் ஆமை போய்விடும், உண்மைதான். கூடவே காவல்காரனும் போய்விடுவான். ஒரு மாதம் கழித்து அந்த லினக்ஸை நீங்கள் மறந்து விடுவீர்கள். ஆஃப் செய்த பாதுகாப்பு ஆஃப் ஆகவே கிடக்கும். இதே கம்ப்யூட்டரில்தான் வங்கி வேலையும் பார்ப்பீர்கள்.

"என் கம்ப்யூட்டர், எனக்கு வேகம் வேண்டும்" என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. நாள் முழுவதும் விர்ச்சுவல் மெஷினில் வேலை செய்து சம்பாதிப்பவர், இழப்பது என்ன என்று தெரிந்தே முடிவெடுக்கலாம். லினக்ஸ் எப்படி இருக்கும் என்று பார்க்க வந்தவருக்கு இது தேவையா என்றுதான் கேட்கிறேன்.

அவருக்கு வேறு வழி இருக்கிறது. விண்டோஸிலேயே டபிள்யூ.எஸ்.எல். என்ற வசதி உண்டு. 2016ல் அறிமுகமானது, 2020 மே மாதப் பதிப்பிலிருந்து உண்மையான லினக்ஸ் கெர்னலுடன் இரண்டாம் வடிவம் எல்லோருக்கும் வந்தது. ஹோம் பதிப்பிலும் இயங்கும். நிர்வாகி உரிமையுடன் டெர்மினலைத் திறந்து, டபிள்யூ.எஸ்.எல். கட்டளையுடன் இன்ஸ்டால் என்று சேர்த்துக் கொடுத்தால், உபுண்டு வந்து விடும். ஹைப்பர்வைசரோடு சண்டை போடாமல் அதையே பயன்படுத்திக் கொள்வதால், மெமரி இன்டெக்ரிட்டியைத் தொட வேண்டியதில்லை. உபுண்டுவின் முழு டெஸ்க்டாப் திரை வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. அவர்கள் ஆமையைப் பொறுத்துக் கொள்ளலாம். கற்றுக் கொள்ள அந்த வேகம் போதும்.

சின்னச் சின்ன முட்டுக்கட்டைகள்

சில கோளாறுகளில் விண்டோஸும் நன்றாக இருக்கும், லினக்ஸும் நன்றாக இருக்கும். ஆனாலும் வராது. நம்மவர்களுக்கு அடிக்கடி வருவது ஒன்று. விண்டோஸில் யூசர் பெயரை ஆசையாகத் தமிழில் வைத்திருப்போம். யூசர் போல்டரின் பெயரும் தமிழிலேயே அமைந்திருக்கும். வேக்ரன்ட் தன் பைல்களை அந்தப் போல்டரில்தான் வைக்கும். ஆங்கிலம் அல்லாத எழுத்தைக் கண்டு தடுமாறும். இதற்காகத் தமிழ்ப் பெயரை விட வேண்டாம். சி டிரைவில் ஆங்கிலப் பெயரில் ஒரு போல்டர் உருவாக்கி, வேக்ரன்ட்-ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் அதைக் குறிப்பிட்டு விட்டால், பைல்களை அங்கே வைத்துக் கொள்ளும்.

நோட்பேடில் வேக்ரன்ட்பைலை எழுதிச் சேமித்தால், பெயரின் பின்னால் டி.எக்ஸ்.டி. என்ற வால் ஒட்டிக் கொள்ளும். விண்டோஸ் அந்த வாலை மறைத்தே காட்டுவதால், பைல் கண் முன்னே இருக்கும். வேக்ரன்ட்டோ "அப்படி ஒரு பைலே இல்லை" என்னும். எக்ஸ்புளோரரின் வியூ மெனுவில் பைல் பெயர்களின் எக்ஸ்டென்ஷனைக் காட்டச் சொன்னால் உண்மை தெரியும். இதன் அண்ணன் ஒருவர் உண்டு. விண்டோஸில் எழுதிய ஸ்கிரிப்ட் பைலில் ஒவ்வொரு வரி முடிவிலும், லினக்ஸுக்குப் புரியாத ஒரு மறை எழுத்து கூடுதலாக இருக்கும். "பேட் இன்டர்பிரட்டர்" என்று எர்ரர் வந்தால் இவர்தான். எடிட்டரில் வரி முடிவை யுனிக்ஸ் வகைக்கு மாற்றிச் சேமித்தால் சரியாகும்.

பழைய கட்டுரைகளைப் பார்த்துக் கட்டளை கொடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் ஹஷிகார்ப் நிறுவனம் வேக்ரன்ட்டின் லைசென்ஸை மாற்றியது. அதன் பின், உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல், 24.04 முதல் வேக்ரன்ட்டுக்கான பாக்ஸ்களைத் தருவதில்லை. பழைய பாணியில் பெயரை ஊகித்து அடித்தால், அப்படி ஒரு பாக்ஸ் இல்லை என்றுதான் பதில் வரும். பென்டோ என்ற பெயரில் தொடங்கும் பாக்ஸ்களில் 24.04 கிடைக்கிறது. அதே போல, 2024 செப்டம்பரில் விர்ச்சுவல் பாக்ஸ் 7.1 வந்தபோது, அன்றிருந்த வேக்ரன்ட் அதை ஏற்கவில்லை. பின்னர் வந்த 2.4.2 பதிப்புதான் ஏற்றது. இரண்டில் ஒன்றை மட்டும் அப்டேட் செய்து விட்டு, நேற்று ஓடியது இன்று ஏன் ஓடவில்லை என்று விண்டோஸை ரீ-இன்ஸ்டால் செய்யக் கிளம்பாதீர்கள்.

வேக்ரன்ட்பைலில் புதிய புரோகிராம் ஒன்றைச் சேர்த்துவிட்டு, மறுபடி "வேக்ரன்ட் அப்" கொடுத்தால் அது இன்ஸ்டால் ஆகாது. எர்ரரும் வராது. இன்ஸ்டால் வேலைகள் முதல் முறை மட்டுமே தானாக நடக்கும் என்பதே காரணம். "வேக்ரன்ட் ப்ரொவிஷன்" என்று தனியாகக் கட்டளை கொடுக்க வேண்டும்.

சுவரில் இருக்கும் கதவு

விர்ச்சுவல் மெஷினைத் தயங்காமல் அழிக்கலாம் என்றேன். "வேக்ரன்ட் டெஸ்ட்ராய்" என்ற கட்டளை, ஒருமுறை கேட்டுவிட்டு மெஷினையும் அதன் டிஸ்க்கையும் நீக்கி விடும். டபிள்யூ.எஸ்.எல்.லில் இதற்கு "அன்ரிஜிஸ்டர்" என்று பெயர். பெயரைப் பார்த்தால் ஏதோ பதிவேட்டிலிருந்து பெயரை எடுப்பது போலத் தோன்றும். அந்த லினக்ஸில் நீங்கள் வைத்த எல்லாப் பைல்களையும் அது அடியோடு அழிக்கும், "நிச்சயமா?" என்றுகூடக் கேட்காது. உள்ளே வேலை செய்து சேமித்தவை இருந்தால், முதலில் அவற்றை விண்டோஸ் பக்கம் காப்பி செய்து கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது, இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் இடையே உள்ள கதவு. வேக்ரன்ட்பைல் எந்த விண்டோஸ் போல்டரில் இருக்கிறதோ, அந்தப் போல்டர் முழுவதும் லினக்ஸுக்குள் வேக்ரன்ட் என்ற பெயரில் தெரியும். அது காப்பி அல்ல, அதே போல்டர்தான். லினக்ஸில் நின்று கொண்டு அங்கே ஒரு பைலை அழித்தால், விண்டோஸில் உள்ள உங்கள் பைல் போய்விடும். ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது. கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்தவுடன் நிற்கும் இடம் உங்கள் யூசர் போல்டர் என்பதால், பலர் அங்கேயே வேக்ரன்ட்டைத் தொடங்கி விடுகிறார்கள். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அந்த லினக்ஸின் கைக்கு எட்டும் தூரத்திற்கு வந்து விடுகின்றன. டபிள்யூ.எஸ்.எல்.லிலும் உங்கள் சி டிரைவ், எம்.என்.டி. என்ற டைரக்டரியின் கீழ் சி என்ற பெயரில் திறந்தே இருக்கிறது.

எனவே சி டிரைவில் லினக்ஸ்-டெஸ்ட் என்பது போல் ஒரு காலிப் போல்டரை முதலில் உருவாக்குங்கள். அதற்குள் சென்று, அங்கிருந்து வேக்ரன்ட்டைத் தொடங்குங்கள். ஏற்கெனவே யூசர் போல்டரிலிருந்து தொடங்கியவர்கள், அங்கே டெஸ்ட்ராய் கொடுத்து மெஷினை நீக்கிவிட்டு, வேக்ரன்ட்பைலை மட்டும் இந்தப் புதிய போல்டருக்கு நகர்த்தி, மறுபடி உருவாக்குங்கள். பாக்ஸ் ஏற்கெனவே உங்கள் டிஸ்க்கில் இருப்பதால் இன்னொரு முறை இறங்காது. மொபைல் டேட்டாவும் செலவாகாது.